ஆல்ப்ஸ் சிகரம்: முகடுகளும் அவற்றை நம்பி வாழும் உயிர்களும்

ஆல்ப்ஸில், சுவிட்சர்லாந்து–இத்தாலி எல்லையில் நிற்கும் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். வானத்தைக் குத்தி நிற்கும் தனி முக்கோணம். உச்சி மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கும். அந்தப் படங்களில் பெரும்பாலானவை சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊர்ப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அடுத்த முறை அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், உச்சியிலிருந்து உங்களை நோக்கி இறங்கிவரும் நடுக்கோட்டைத் தேடுங்கள். காலை வெயிலில் எடுத்த படமென்றால் கோட்டுக்கு இடப்பக்கம் பளிச்சென்றும் வலப்பக்கம் இருண்டும் இருக்கும். இடப்பக்கம் தெரிவது கிழக்குச் சரிவு, வலப்பக்கம் வடக்குச் சரிவு. நடுவில் ஓடும் கோடுதான் ஹார்ன்லி முகடு.

ஒரு மலையைப் பற்றிக் கேட்டால் முதலில் அதன் உயரத்தைத்தான் சொல்கிறோம். மேட்டர்ஹார்னுக்கு அது 4,478 மீட்டர். உயரம் முக்கியம்தான். ஆனால் பாறை எங்கே உடைகிறது, பனி எங்கே தங்குகிறது, செடி எங்கே வேர்பிடிக்கிறது, மலையாடு எங்கே குளிர்காய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், பதில் திரும்பத் திரும்ப முகட்டில் வந்து நிற்கும். முகட்டின் எந்தப் பக்கம் என்பது தெரிந்தால் மலையில் பாதி விளங்கிவிடும் என்றே சொல்வேன்.

சிகரம் எப்படிக் கூர்மையானது?

முதலில் பாறை. ஆல்ப்ஸ் மலைத்தொடர் இரண்டு பெரும் நிலத்தட்டுகள் மோதியதால் எழுந்தது. வடக்கே ஐரோப்பா, தெற்கே ஆப்பிரிக்கப் பக்கத்தைச் சேர்ந்த நிலம், நடுவில் ஒரு கடல். தட்டுகள் நெருங்க நெருங்கக் கடல் சுருங்கி மூடியது. தெற்கு நிலத்தின் பாறை, கடலடிப் பாறையின் மேல் ஏறி அமர்ந்தது. மேட்டர்ஹார்னின் உச்சிப் பகுதி அப்படி ஏறிவந்த நைஸ் என்னும் உருமாறிய பாறை. அதன் அடியில், சிகரத்தின் கீழ்ப்பகுதியில் இருப்பது பழைய கடல்தரையின் பாறை. ஆகவே செர்மாட்டிலிருந்து உச்சிக்கு ஏறுகிறவர் வழியிலேயே ஒரு பழைய கடலைக் கடந்து, ஆப்பிரிக்கப் பக்கத்துப் பாறையில் போய் நிற்கிறார்.

ஆனால் மோதலால் உயர்ந்த நிலம் தானாகக் கூர்மையாகிவிடாது. கூர்மையாக்கியது பனி. கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் பனியூழிகள் பலமுறை வந்து போயின. மலைச்சரிவில் ஒரு சிறு பள்ளம் இருந்தால் அதில் பனி சேரும். கோடையிலும் உருகித் தீராத பனி ஆண்டுக்கு ஆண்டு அடுக்காகி, தன் எடையாலேயே இறுகிப் பனிக்கட்டியாகும். போதிய தடிமன் வந்ததும் அது மெல்ல நகரத் தொடங்கும். நகரும்போது பள்ளத்தின் பின்சுவரில் ஒட்டிய பாறையைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கிய கற்களால் அடித்தரையைத் தேய்த்து ஆழப்படுத்துகிறது. பின்சுவரின் விரிசல்களில் இறங்கும் உருகுநீர் மறுபடி உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கும், விரிசல் அகலும், அடுத்த கல் பெயரத் தயாராகும். இப்படிக் குடையப்பட்ட, மூன்று பக்கம் சுவர் எழும்பிய பள்ளத்துக்குத்தான் சர்க்கு என்று பெயர்.

சர்க்கின் பின்சுவர் மலைக்குள்ளே பின்வாங்கிக்கொண்டே போகும். ஒரு பக்கம் மட்டும் இது நடந்தால் மலையில் ஒரு குடைவு விழும், அவ்வளவே. இரு பக்கமும் நடந்தால் நடுவில் மெல்லிய பாறைச்சுவர் ஒன்று மிஞ்சும். அது அரெட்டு, அதாவது கத்தி விளிம்பாய் நிற்கும் முகடு. மூன்று நான்கு பக்கமும் நடந்தால்? வெண்ணெய்க் கட்டி ஒன்றை நாலாபுறமும் கரண்டியால் வழித்தெடுத்தபின் நடுவில் என்ன நிற்குமோ அதுதான் மிஞ்சும். இதைக் கொம்புச் சிகரம் என்கிறோம். இந்த வடிவத்துக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் பெரும்பாலும் மேட்டர்ஹார்னையே காட்டுகின்றன.

மேட்டர்ஹார்னில் வழித்த பனியாறுகள் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. ஒவ்வொரு சரிவின் காலடியிலும் ஒன்று, சுருங்கிப்போனாலும் கிடக்கிறது. நான்கு சரிவுகளுக்கு இடையே நான்கு முகடுகள்: வடகிழக்கில் ஹார்ன்லி, வடமேற்கில் ட்ஸ்முட், தென்மேற்கில் லயன், தென்கிழக்கில் ஃபுர்கன்.

மலையேறிகள் முகட்டைத் தேடிப் போவதற்குக் காரணம் எளியது. உடையும் கல் சரிவின் வழியே உருண்டு விழும். முகட்டில் இருப்பவரின் தலைக்கு மேலே அவ்வளவாகக் கல் இல்லை. ஆனால் எல்லா முகடும் ஒன்றல்ல. மேட்டர்ஹார்னின் பாறை அடுக்குகள் இத்தாலிப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. அதனால் இத்தாலிப் பக்கத்தில் அடுக்கின் மேற்பரப்பு வெளிப்புறமாகச் சரிந்து காலை வழுக்கிவிடும். சுவிஸ் பக்கத்தில் அடுக்கின் ஓரங்கள் படிபடியாக நீட்டிக்கொண்டிருக்கும். 1860-களில் பலரும் இத்தாலிப் பக்கமே முயன்று தோற்றதற்கும், ஆங்கில மலையேறி எட்வர்ட் விம்ப்பரின் குழு 1865 ஜூலை 14 அன்று ஹார்ன்லி முகட்டின் வழியே உச்சியைத் தொட்டதற்கும் இது ஒரு காரணம். செர்மாட்டிலிருந்து நேராகப் பார்த்தால் செங்குத்தாகத் தெரியும் கிழக்குச் சரிவு, பக்கவாட்டில் பார்க்கும்போது 40 பாகை அளவில்தான் சாய்ந்திருக்கிறது என்பதையும் விம்ப்பர் கவனித்திருந்தார். ஏறிய எழுவரில் நால்வர் இறங்கும்போது விழுந்து இறந்தனர். மூன்று நாள் கழித்து ஜான் அந்துவான் கரேல் தலைமையில் இத்தாலியக் குழு லயன் முகட்டின் வழியே உச்சியை அடைந்தது.

முகடு பிரித்து வைப்பவை

முகடு முதலில் நீரைப் பிரிக்கிறது. மேட்டர்ஹார்னின் வடபுறம் உருகும் நீர் விஸ்பா ஆற்றில் இறங்கி, ரோன் ஆற்றில் கலந்து, பிரான்ஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. தென்புறம் உருகும் நீர் டோரா பால்டியா வழியாகப் போ ஆற்றில் சேர்ந்து ஏட்ரியாட்டிக் கடலில் முடிகிறது. உச்சியில் அருகருகே விழும் இரண்டு துளிகள் இத்தாலியத் தீபகற்பத்தின் இரு பக்கத்துக் கடல்களுக்குப் பிரிந்து போகின்றன.

அடுத்தது வெயில். பூமியின் வடபாதியில் தெற்கு நோக்கிய சரிவு சூரியனை நேராக வாங்குகிறது. வடக்குச் சரிவுக்குக் குளிர்காலத்தில் நேர்வெயில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆண்டு முழுதும் உறைந்தே இருக்கும் பாறையும் மண்ணும் வடக்குச் சரிவுகளில் 2,500 மீட்டர் அளவிலேயே தொடங்கிவிடும். தெற்குச் சரிவுகளில் அதற்குப் பல நூறு மீட்டர் மேலே போக வேண்டும். விரிசல்களுக்குள் இருக்கும் இந்தப் பழம்பனிதான் பல இடங்களில் பாறையைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. 2003 கோடையில் ஐரோப்பாவை வெப்ப அலை வாட்டியபோது ஹார்ன்லி முகட்டில் பாறை சரிந்து, வழியில் இருந்த மலையேறிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று. சரிந்த இடத்தில் உள்ளே பனிக்கட்டி வெளிப்பட்டுத் தெரிந்தது. பின்னர் அந்த முகட்டில் விரிசல்களின் அகலத்தையும் பாறையின் வெப்பத்தையும் இடைவிடாமல் அளக்கும் உணரிகளைப் பொருத்தினார்கள்.

மூன்றாவது, எனக்கு இவை எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது, காற்று. முகட்டைத் தாண்டும் காற்று காற்றுவீசும் பக்கத்துப் பனியைச் சுரண்டி எடுத்து மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிறது. காற்றுப் பக்கம் கல்லும் புல்லும் வெறுமையாகக் கிடக்க, மறுபக்கம் ஆள் உயரத்துக்குப் பனி குவியும். முகட்டு விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நீளும் பனித்திட்டும் இப்படி உருவாவதுதான். மேலிருந்து பார்த்தால் திடமான தரை போலிருக்கும். அடியில் பாறை இருக்காது. காற்று கொண்டுவந்து குவித்த பனி கீழடுக்கோடு சரியாக ஒட்டாமல் இருப்பதால், பனிச்சரிவுகளும் பெரும்பாலும் இந்த மறைவுப் பக்கத்தில்தான் கிளம்புகின்றன. மேட்டர்ஹார்னின் உச்சியிலிருந்து ஒருபக்கமாகப் பறக்கும் கொடிமேகமும் காற்றுமறைவில்தான் தோன்றும். அங்கே காற்றழுத்தம் குறைவதால் கீழிருந்து ஈரக்காற்று மேலிழுக்கப்பட்டுக் குளிர்ந்து மேகமாகிறது.

இரண்டடி தள்ளினால் வேறு தட்பவெப்பம்

உயரத்துக்கும் உரியதைச் சொல்லிவிட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6 டிகிரி அளவுக்குக் குறையும். செர்மாட் சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து மேட்டர்ஹார்ன் உச்சி ஏறத்தாழ 17 டிகிரி கூடுதல் குளிர். காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். இதனால் மலையில் வரிசையாகப் பட்டைகள் உருவாகின்றன. கீழே காடு, ஏறத்தாழ 2,200 மீட்டருக்கு மேல் மரம் நின்றுவிடும், பிறகு குறும்புதர், புல்வெளி, கல்லும் பாறையும், கடைசியில் பனி. பாடநூலில் இந்தப் பட்டைகளை நேர்கோடுகளாக வரைந்திருப்பார்கள். நேரில் அவை முகட்டுக்கு முகடு மேலும் கீழுமாக வளைந்து கிடக்கும்.

மர எல்லையில் கடைசியாக நிற்பவை லார்ச், அரோலா பைன் என்ற இரண்டு ஊசியிலை மரங்கள். அரோலா பைன் விதைக்கு இறக்கை கிடையாது, காற்றில் பறக்காது. அதை மேலே ஏற்றுவது நட்கிராக்கர் என்னும் புள்ளிப் பறவை. இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் விதையைப் புதைத்து, பனி மூடிய பின்னும் இடத்தை நினைவு வைத்துத் தோண்டித் தின்னும். எடுக்காமல் விட்டவை முளைக்கும். பனி ஆழமாகத் தேங்காத மேட்டு விளிம்புகளில் அது புதைப்பதால், தனித்தனிப் பைன்கள் பாறை மேடுகளில் ஏறி நிற்கின்றன.

மர எல்லைக்கு மேலே முட்டிபோட்டுக் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஒரு சிறு முகட்டின் நெற்றியில் பனி நிற்பதே இல்லை; காற்று துடைத்துவிடும். அங்கே வளரும் ஆல்பைன் அசேலியா தரையோடு தரையாகப் படர்ந்து, கடுங்குளிர் முழுவதையும் போர்த்திக்கொள்ள எதுவுமில்லாமல் தாங்குகிறது. இரண்டடி தள்ளி, மறைவான குழியில், ஜூலை வரை பனி கிடக்கும். அந்தப் பனிக்கு அடியில் மண் கிட்டத்தட்ட சுழி டிகிரியிலேயே நிற்கும், அதற்குக் கீழே அதிகம் போகாது. அங்கே வளர்வது குட்டை வில்லோ. உண்மையான மரவகைதான், ஆனால் தண்டு முழுதும் மண்ணுக்குள். வெளியே தெரிவது ஒரு சில செண்டிமீட்டர் உயரத்துக்கு இலைகள் மட்டும். குளிர்கொல்லும் அபாயம் அதற்குக் குறைவு. அதன் சிக்கல், பனி விலகிய பிறகு பூத்துக் காய்க்க இரண்டு மாதம்கூடக் கிடைக்காமல் போவது. இரண்டு செடிகளையும் இடம் மாற்றி நட்டால் இரண்டும் திண்டாடும்.

திண்டுச் செடிகள் இன்னொரு வழியைக் கண்டிருக்கின்றன. சைலீன் அகாலிஸ் என்ற செடி நூற்றுக்கணக்கான குறுந்தண்டுகளை நெருக்கி அடுக்கி, பச்சைக் குமிழாக உட்கார்ந்திருக்கும். காற்று உள்ளே நுழையாது. வெயில் பட்டால் குமிழுக்குள் வெப்பம் வெளிக்காற்றைவிடப் பல டிகிரி ஏறிவிடும். உதிரும் இலை உள்ளேயே மக்கி மண்ணாகும். மேட்டர்ஹார்னுக்கு எதிரே வடகிழக்கில் நிற்கும் டோம் சிகரத்தில், உச்சிக்கு வெறும் 40 மீட்டர் கீழே, 4,505 மீட்டர் உயரத்தில் ஊதாப் பூப்பூக்கும் சாக்ஸிஃப்ரேஜ் செடி கண்டறியப்பட்டது. ஐரோப்பாவில் இதைவிட உயரத்தில் பூச்செடி எதுவும் பதிவாகவில்லை. அந்த உயரத்தின் காற்று அதைக் கொன்றிருக்க வேண்டும். வெயில் சூடேற்றிய பாறையிடுக்கு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஐபெக்ஸ்

ஆல்ப்ஸ் விலங்குகளில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல் என்றால் நான் ஐபெக்ஸ் மலையாட்டையே எடுப்பேன். கிடாயின் பின்வளைந்த கொம்பு ஒரு மீட்டர் வரை நீளும். குளம்பின் விளிம்பு கடினமாகவும் உட்பகுதி ரப்பர்போல மெதுவாகவும் இருப்பதால், விரலகலப் பாறை விளிம்பிலும் பிடிப்புக் கிடைக்கிறது. இத்தாலியின் சிங்கினோ அணையில், ஏறக்குறைய செங்குத்தான கற்சுவரில் பெட்டையும் குட்டியுமாக ஏறி, கல்லிடுக்கில் ஊறும் உப்பை நக்கிக்கொண்டு நிற்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது.

ஆனால் ஆழ்ந்த பனியில் ஐபெக்ஸ் திணறும். உடல் கனம், கால் குட்டை, புதைந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் அது பள்ளத்தாக்குக்கு ஓடாமல், தெற்கு நோக்கிய மிகச் செங்குத்தான சரிவுகளுக்குப் போகிறது. அவ்வளவு சாய்வில் பனி தங்காமல் வழுகி விழுந்துவிடும். காய்ந்த புல் வெளியே தெரியும். வெயில் பாறையைச் சூடாக்கும். இரவில் உடல் வெப்பத்தைச் சற்றுத் தணிய விட்டு, காலையில் பாறைமேல் வெயில் காய்ந்து மீட்டுக்கொள்கிறது. உள்ளே கொழுப்பை எரித்துச் சூடேற்றும் செலவு அந்த அளவுக்கு மிச்சம். கோடையில் கதை தலைகீழ். பெரிய கிடாய்களுக்கு வெக்கை ஆகாது. பகலில் காற்றடிக்கும் முகட்டு உச்சிக்கு ஏறிப் படுத்துவிடும்.

ஓநாய் வந்தால் ஐபெக்ஸ் பாறைச்சுவருக்கு ஓடி, அசையாமல் நின்றுகொள்ளும். ஓநாயிடம் அது பலித்தது. துப்பாக்கி வைத்திருக்கும் மனிதனுக்கோ அசையாமல் நிற்கும் விலங்கு எளிய குறி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் முழுவதிலும் ஒரே ஒரு கூட்டம், நூறு அளவில், வடமேற்கு இத்தாலியின் கிரான் பாரடிசோ மலைகளில் மட்டும் எஞ்சியது. அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் 1856-இல் அந்த இடத்தைத் தன் வேட்டைக்காடாக ஒதுக்கி, மற்றவர் வேட்டையாடுவதைத் தடுத்தார். 1922-இல் அது இத்தாலியின் தேசியப் பூங்காவாயிற்று. சுவிட்சர்லாந்து விலைக்குக் கேட்டும் கிடைக்காமல், 1906-இல் குட்டிகள் எல்லை தாண்டிக் கடத்தி வரப்பட்டன. செயின்ட் காலன் நகரத்து விலங்குப் பூங்காவில் வளர்த்து, 1911 முதல் மலைகளில் விட்டார்கள். இன்று ஆல்ப்ஸில் 50,000-க்கு மேல் ஐபெக்ஸ்கள் உள்ளன, எல்லாமே அந்த ஒரு கூட்டத்தின் வழி வந்தவை. மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்பதால், நோய் பரவினால் தாங்குமா என்ற கவலை ஆய்வாளர்களுக்கு இன்றும் இருக்கிறது.

மற்றவர்கள்

ஐபெக்ஸின் உறவுக்காரரான ஷாமுவா உடலால் இலகுவானது. அதன் குளம்பு விரியும், இடையில் தோல் மடிப்பு உண்டு. பனியில் அவ்வளவாகப் புதையாது. ஆகவே ஐபெக்ஸ் தவிர்க்கும் காட்டோரச் சரிவிலும் அதைக் காணலாம்.

மார்மட் என்னும் பெரிய நில அணில் குளிரை எதிர்த்து நிற்பதே இல்லை. ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரை குடும்பமாக வளைக்குள் ஒடுங்கி உறங்கும். உடல் வெப்பம் சில டிகிரிக்கு இறங்கும், இதயம் நிமிடத்துக்கு ஒரு சில முறை மட்டும் துடிக்கும். பெரியவை நெருங்கிப் படுத்துக் குட்டிகளுக்குச் சூடு தருகின்றன. கூட்டம் சிறிதானால் முதலாண்டுக் குட்டிகள் பிழைப்பது அரிது. வளைக்கு மேலே குளிர்காலப் பனி தடிமனாக இருப்பது அவற்றுக்கு நல்லது. காற்று துடைத்துவிடும் முகட்டு நெற்றியில் அந்தக் காப்பு கிடைக்காது.

டார்மிகன் என்னும் பனிக்கோழியோ முகட்டின் இரண்டு பக்கத்தையும் பயன்படுத்திக்கொள்கிறது. குளிர்காலத்தில் உடல் முழுதும் வெள்ளை, கால்விரல்வரை இறகு. காற்று பனியைத் துடைத்த பக்கத்தில் போய் வெளியே தெரியும் தளிரையும் மொட்டையும் கொத்தும். இரவு வந்தால் மறுபக்கத்து மென்பனியில் குழி பறித்து உள்ளே தூங்கும். சாப்பாடு ஒரு பக்கம், படுக்கை மறுபக்கம். இடையில் சில மீட்டர் தொலைவுதான்.

முகட்டில் மோதி மேலெழும் காற்றில் தாடிக்கழுகு இறக்கையை அசைக்காமலே மணிக்கணக்கில் மிதக்கும். சிறகு விரித்தால் 2.8 மீட்டர் வரை. அதன் உணவில் பெரும்பங்கு எலும்பு. விழுங்க முடியாத பெரிய எலும்பை உயரத்திலிருந்து பாறைப் பலகைமேல் போட்டு உடைக்கும். மிச்சத்தைக் கடும் வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். நடுக்குளிர்காலத்தில் முட்டையிடுகிறது. வசந்தத்தில் குஞ்சு வளரும் நேரத்தில், பனிச்சரிவில் சிக்கி மாண்ட ஐபெக்ஸ், ஷாமுவா உடல்கள் உருகும் பனியிலிருந்து வெளிவரும். முகட்டின் மறைவுப் பக்கம் குவிந்த பனி இப்படி ஒரு பறவைக்குச் சோறு போடுகிறது. ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது என்று பழிசுமத்தி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் ஆல்ப்ஸ் முழுவதும் இதைக் கொன்று தீர்த்தார்கள். 1986-இல் ஆஸ்திரியாவில் வளர்ப்புக் குஞ்சுகளை விடத் தொடங்கினார்கள். 1997-இல் பிரான்சில் ஒரு இணை இயற்கையில் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது.

வெப்பம் ஏறும்போது

சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் கன அளவில் சுமார் 10 விழுக்காட்டை இழந்தன. மேட்டர்ஹார்ன் அருகே தியோடுல் பனியாறு உருகியதில் பனியின் நீர்ப்பிரிகோடே நகர்ந்துவிட, சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் 2023-இல் பேசி எல்லைக்கோட்டைத் திருத்த ஒப்புக்கொண்டன. ஐரோப்பாவின் 302 சிகரங்களில் பழைய பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. உச்சிகளில் புதிதாக வந்து சேரும் செடியினங்களின் வேகம் அரை நூற்றாண்டுக்கு முன்பு இருந்ததைப் போல ஐந்து மடங்காகியிருக்கிறது.

மேலே ஏறுவதில் ஒரு சிக்கல் உண்டு: கொம்புச் சிகரத்தில் ஏற ஏற நிலம் குறுகுகிறது. ஆனால் எல்லாச் செடியும் மேலேதான் ஏற வேண்டும் என்றில்லை. ஒரே சரிவின் மேடுபள்ளங்களுக்குள் பல டிகிரி வேறுபாடு இருப்பதால், தெற்குப் பக்கத்தில் வெப்பம் தாளாத செடிக்கு முகட்டைச் சுற்றிச் சில மீட்டர் நகர்ந்தாலே குளிர்ந்த இடம் கிடைத்துவிடலாம். கரடுமுரடான மலை, வழவழப்பான மலையைவிட இதில் தாராளம். டார்மிகனுக்கு இந்தச் சலுகை குறைவு. அதற்குக் குளிர்ந்த கோடையும், குளிர்காலத்தில் குழி பறிக்க மென்பனியும், வெள்ளை இறகு ஒளிந்துகொள்ள வெள்ளைத் தரையும் ஒரே முகட்டில் சேர்ந்து கிடைக்க வேண்டும். பனி பிந்தி விழுந்து முந்தி உருகும் ஆண்டுகளில், இறகு வெளுத்த பறவை பழுப்புப் பாறைமேல் தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது. பொன்கழுகுக்கும் நரிக்கும் அது போதும்.